த்ரில்லர் நாவலில் துப்பாக்கி சரி, அலுவலகம்தான் தப்பு

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பரம்பிக்குளம் அணையை ஓர் ஆயுதக் கும்பல் பிடித்துக்கொள்கிறது, ஓய்வு பெற்ற பாரா கமாண்டோ ஒருவர் தனியாளாகப் போய் மீட்கிறார் என்று நாவல் எழுதிக்கொண்டிருக்கிறாராம். பாதி வரை படித்த நண்பர், "சினிமா மாதிரி இருக்கு, நம்புற மாதிரி இல்லை" என்று சொல்லிவிட்டார். அரசியல், ராணுவ த்ரில்லர்கள் பொதுவாக எங்கே சறுக்குகின்றன, நிஜத்தில் நடந்தவற்றின் பக்கத்தில் வைத்தால் எப்படித் தெரிகின்றன என்பது அவர் கேள்வி.

நான் விமானப்படையில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவன். இப்போது பாலக்காட்டுச் சித்தூரில் இருக்கிறேன். இந்த வகை நாவல் எது கிடைத்தாலும் படித்துவிடுவேன். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். இந்த நாவல்களில் துப்பாக்கி பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எந்த ரைஃபிள், எத்தனை ரவுண்டு, எந்த ரக ஹெலிகாப்டர் என்பதையெல்லாம் எழுதியவர் தேடித் தேடிப் படித்திருப்பார். தப்பாக இருப்பது அலுவலகம். ஒரு செய்தி எங்கே கிளம்பியது, யார் கைக்கு எத்தனை மணிக்குப் போனது, அதை வைத்து உத்தரவு போடும் அதிகாரம் யாருக்கு, அவர் அந்த நேரத்தில் எங்கே இருந்தார்? நிஜ நெருக்கடிகளில் உயிர் போவதும் பிழைப்பதும் இந்த இடத்தில்தான். நாவலில் இந்த இடமே இருக்காது. கும்பல் அணைக்குள் நுழைந்த அடுத்த பக்கத்தில் டெல்லியில் பிரதமர் பெரிய திரையில் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

1999 டிசம்பர் 24ஐ எடுத்துக்கொள்ளுங்கள். காத்மாண்டுவிலிருந்து டெல்லிக்குக் கிளம்பிய ஐசி 814 விமானத்தைக் கடத்தினார்கள். எரிபொருள் போதாமல் அது அமிர்தசரசில் இறங்கியது. நம் மண்ணில், நம் ஓடுபாதையில், முக்கால் மணி நேரத்துக்கு மேல் நின்றது. அது மறுபடி மேலே ஏறாமல் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். டெல்லியில் நெருக்கடி மேலாண்மைக் குழு கூடியிருந்தது. விமான நிலையத்தில் பஞ்சாப் போலீஸ் இருந்தது. என்.எஸ்.ஜி. என்ற தேசியப் பாதுகாப்புப் படையின் கமாண்டோக்கள் வந்து சேரவில்லை. யார் சொல்லி யார் செய்வது என்பது தெளிவாவதற்குள் விமானம் எரிபொருள்கூட நிரப்பாமல் கிளம்பிவிட்டது. லாகூர், துபாய், கடைசியில் கந்தகார். டிசம்பர் 31 அன்று, நம் சிறைகளில் இருந்த மூன்று பேரை விட்ட பிறகுதான் மீதமிருந்த பயணிகள் திரும்பி வந்தார்கள்.

அந்த முக்கால் மணி நேரம் மட்டும் ஒரு நல்ல நாவலுக்குப் போதும். ஒரு குண்டுகூட வெடிக்க வேண்டியதில்லை. ஓடுபாதையில் விமானம் நிற்கிறது, தொலைபேசி அடிக்கிறது, எடுத்தவர் "மேலே கேட்டுச் சொல்றேன்" என்கிறார். வாசகனுக்குக் கை கால் நடுங்கும். ஆனால் எழுதுகிறவர்கள் இந்த இடத்தை ஒரே வரியில் தாண்டிப் போய் கந்தகாரில் ஒரு கற்பனைச் சண்டையை வைக்கத்தான் ஆசைப்படுவார்கள்.

2008 நவம்பர் 26 மும்பையிலும் இதேதான். தாக்குதல் இரவில் தொடங்கியது. கமாண்டோக்கள் இருந்தது டெல்லிக்குப் பக்கத்தில் மானேசரில். அவர்களை ஏற்றிப்போக வேண்டிய பெரிய விமானம் சண்டிகரிலிருந்து வரவேண்டியிருந்தது. அவர்கள் மும்பையில் இறங்கும்போது விடியற்காலை ஆகிவிட்டது. அதற்கப்புறம்தான் மும்பை, சென்னை, ஐதராபாத், கொல்கத்தாவில் என்.எஸ்.ஜி. மையங்கள் வந்தன. ஒரு நாவலாசிரியர் இதை எழுதியிருந்தால், "கமாண்டோ படைக்குப் பக்கத்தில் விமானம் இல்லையா, இதை யார் நம்புவார்" என்று நண்பர்களே கேட்டிருப்பார்கள். நிஜத்தில் நம்ப முடியாததாகத் தெரிகிற இந்த மாதிரி விவரத்தைத் துணிந்து எழுதி, அதற்கான காரணத்தையும் காட்டிவிட்டால் கதைக்கு வேறொரு பலம் வந்துவிடும்.

இப்போது உங்கள் அணைக்கு வருகிறேன். தம்பி, உங்கள் கையில் இருப்பது எப்பேர்ப்பட்ட களம் என்பதை நீங்களே இன்னும் முழுசாகப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பரம்பிக்குளம் அணை இருப்பது பாலக்காடு மாவட்டத்தில், முதலமடை பஞ்சாயத்தில். அதைப் பராமரிப்பதும் இயக்குவதும் தமிழ்நாடு. 1970ல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் அதற்கு அடிப்படை. அணைத் தண்ணீர் சுரங்கம் வழியாகத் தூணக்கடவுக்குப் போய், அங்கிருந்து சர்க்கார்பதி மின்நிலையத்துக்கு இறங்கி, தமிழ்நாட்டுப் பாசனத்துக்குப் போகிறது. அதற்கு ஈடாக நம் சித்தூர் ஆயக்கட்டுக்கு மணக்கடவில் வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. வரவேண்டும். அந்த 7.25க்காக இங்கே எத்தனை மறியல், எத்தனை மனு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அணை நிரம்பி வழிந்தாலோ அந்தத் தண்ணீர் போவது சாலக்குடி ஆற்றில், திருச்சூர் மாவட்டத்துக்கு.

இன்னொன்றும் இருக்கிறது. பாலக்காட்டிலிருந்து போலீஸ் தன் சொந்த மாவட்டத்தில் இருக்கும் அந்த அணைக்கு வண்டியில் போக வேண்டுமானால் தமிழ்நாட்டுக்குள் புகுந்து, ஆனைமலை, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று சுற்றித்தான் போகவேண்டும். வழியில் இரண்டு மாநில வனத்துறைச் சோதனைச் சாவடிகள்.

உங்கள் கதையில் கும்பல் அணையைப் பிடித்ததும் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அணையில் இரவுப் பணியில் இருப்பவர் தமிழ்நாடு நீர்வளத்துறை ஆள். அவருடைய மேலதிகாரி பொள்ளாச்சிப் பக்கம் இருப்பார், கோவை கலெக்டருக்குத் தகவல் சொல்வார். நிலம் கேரளாவுடையது, சட்டம் ஒழுங்கு கேரளா போலீசின் பொறுப்பு, அவர்களுக்கு உத்தரவு பாலக்காட்டிலிருந்து வரவேண்டும். ஷட்டரைத் திறந்துவிடுவேன் என்று கும்பல் மிரட்டினால், ஜனங்களை மேட்டுக்கு ஏற்ற வேண்டியவர் திருச்சூர் கலெக்டர். அணைக்கும் அவருக்கும் நிர்வாகத் தொடர்பு எதுவும் கிடையாது. கேரளா போலீசின் தண்டர்போல்ட் கமாண்டோ பிரிவு, தமிழ்நாட்டின் கமாண்டோ படை, சென்னையிலிருந்து வரவேண்டிய என்.எஸ்.ஜி., இவர்களில் முதலில் போவது யார்? கேரளா படை ஆயுதத்தோடு தமிழ்நாட்டுச் சாலையில் போக யாரிடம் சொல்ல வேண்டும்? திருவனந்தபுரத்தில் ஒரு கட்சி ஆட்சி, சென்னையில் வேறொரு கட்சி ஆட்சி. அணை எங்களுடையது என்று ஒருவர், மண் எங்களுடையது என்று மற்றவர். உங்கள் அரசியல் த்ரில்லர் முழுக்க இங்கேதான் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய சுருக்கத்தில் இதில் ஒரு வரிகூட இல்லை. ஹீரோ முதல் அத்தியாயத்திலேயே பாராசூட்டில் இறங்கிவிடுகிறார்.

அதே அணையில் நிஜமாகவே ஓர் இரவு நடந்ததைப் பாருங்கள். 2022 செப்டம்பர் 21, நள்ளிரவு தாண்டி இரண்டு மணி வாக்கில் நடு ஷட்டரின் எதிர் எடையைத் தாங்கிய சங்கிலி அறுந்து ஷட்டர் போய்விட்டது. விநாடிக்கு சுமார் 20,000 கன அடி தண்ணீர் பெரிங்கல்குத்து வழியாகச் சாலக்குடி ஆற்றில் பாய்ந்தது. கரையோரத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள். எந்தக் கும்பலும் வரவில்லை, யாரும் சதி செய்யவில்லை. ஒரு சங்கிலி அறுந்தது, அவ்வளவுதான். அந்த இரவு அணையில் முதல் சத்தம் கேட்டவர் யாரை அழைத்திருப்பார், காட்டுக்குள் சிக்னல் கிடைத்ததா, எதிர்முனையில் தூக்கக் கலக்கத்தில் எடுத்தவர் முதலில் என்ன கேட்டிருப்பார் என்று கற்பனை செய்து பத்துப் பக்கம் எழுதிப் பாருங்கள். உங்கள் வில்லனுக்கு அந்தப் பத்துப் பக்கத்தில் வேலையே இருக்காது.

உலகத்தை அழிவின் விளிம்பு வரை கொண்டுபோன சம்பவங்களிலும் வில்லன் அதிகம் இல்லை. 1983 செப்டம்பர் 26 அன்று சோவியத் எச்சரிக்கை நிலையத்தில் பணியில் இருந்த ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவின் முன்னால், அமெரிக்காவிலிருந்து ஏவுகணைகள் கிளம்பிவிட்டதாகக் கணினி காட்டியது. முதலில் ஒன்று, அப்புறம் மொத்தம் ஐந்து. கொரியப் பயணிகள் விமானத்தை சோவியத் படை சுட்டு வீழ்த்தி ஒரு மாதம்கூட ஆகாத பதற்றமான நேரம் அது. போர் தொடங்குபவன் ஐந்தே ஐந்து ஏவுகணையோடு தொடங்க மாட்டான் என்று யோசித்து, இது பொய்யான எச்சரிக்கை என்று மேலே சொன்னார். உயரத்து மேகங்களில் பட்ட சூரிய வெளிச்சத்தைச் செயற்கைக்கோள் தப்பாகப் படித்திருக்கிறது என்பது பிறகு தெரிந்தது. அப்புறம் நடந்த விசாரணையில் அவரைக் கண்டித்தார்கள். எதற்குத் தெரியுமா? அந்த நேரத்தில் பதிவேட்டில் எழுதவில்லை என்று. ஒரு கையில் போன், இன்னொரு கையில் இன்டர்காம், எழுத மூன்றாவது கை இல்லை என்றாராம்.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சிக்னல் சென்டரில் இருந்தவர்களுக்குத் தெரியும், பதிவேடு எவ்வளவு பெரிய விஷயம் என்று. செய்தி வந்தால் முதல் வேலை கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதுவது. ஃபிளாஷ், இம்மீடியட், பிரையாரிட்டி, ரொட்டீன் என்று செய்திக்கு ஒரு தரம் இருக்கும். ஃபிளாஷ் வந்தால் கையில் இருக்கிற மற்ற எல்லாம் நிற்கும். யார் கையில் கொடுத்தோம், அவர் எத்தனை மணிக்குக் கையெழுத்துப் போட்டார் என்பதும் எழுதியாக வேண்டும். ஷிஃப்ட் மாறும்போது வருகிறவர் முந்தைய பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார். கோர்ட்டு விசாரணை என்று வந்தால் முதலில் அந்தப் புத்தகத்தைத்தான் கேட்பார்கள். அதனால் கை தானாக எழுதும். அப்படிப் பழகிய ஓர் ஆள் எழுதாமல் விட்டிருக்கிறார் என்றால் அந்த நிமிஷங்கள் எப்படி இருந்திருக்க வேண்டும்! ஒரு வெடிகுண்டின் டைமர் சிவப்பு எழுத்தில் ஓடுவதைவிட அந்தக் காலிப் பக்கம் என்னை அதிகம் பயமுறுத்துகிறது.

1995 ஜனவரி 25ல் நார்வே விஞ்ஞானிகள் துருவ ஒளியை ஆராய ஒரு ராக்கெட்டை விட்டார்கள். ரஷ்யா உட்பட பல நாடுகளுக்கு முன்கூட்டியே தகவல் அனுப்பியிருந்தார்கள். அது மாஸ்கோவுக்குப் போனது, ரேடார் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் போகவில்லை. ரஷ்ய ஜனாதிபதி எல்த்சினின் அணு ஆயுதப் பெட்டியைத் திறக்கும் அளவுக்கு விஷயம் முற்றியது. நம் ஊரிலேயே, 2022 மார்ச் 9 அன்று ஒரு பிரம்மோஸ் ஏவுகணை தவறுதலாகக் கிளம்பி பாகிஸ்தானில் மியான் சன்னு பக்கத்தில் போய் விழுந்தது. நல்ல வேளை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. பாகிஸ்தான் மறுநாள் அறிவித்தது, இந்தியா மார்ச் 11 அன்று ஒப்புக்கொண்டது. நடைமுறை விதிகளை மீறியதாக மூன்று அதிகாரிகளை ஆகஸ்டில் பணிநீக்கம் செய்தார்கள். அணு ஆயுதம் வைத்திருக்கும் இரண்டு நாடுகளுக்கு நடுவில், அந்த இரண்டு நாளில் அதிகாரிகள் என்னவெல்லாம் யோசித்திருப்பார்கள், யார் யாருக்குப் பேசியிருப்பார்கள்? பாகிஸ்தான் தரப்பில் ஓர் அதிகாரி, விழுந்த ஏவுகணையில் வெடிபொருள் இல்லை என்பதை உணர்ந்த நிமிஷம்! நான் எழுத்தாளனாக இருந்தால் அந்த மனிதரைத்தான் கதாநாயகன் ஆக்குவேன்.

அடுத்தது வில்லன். த்ரில்லர் வில்லனுக்கு எல்லாம் தெரியும், எல்லாம் திட்டப்படி நடக்கும், கடைசி ஐந்து பக்கத்தில் மட்டும் திடீரென்று முட்டாள் ஆகிவிடுவான். நிஜத்தில் முட்டாள்தனம் முதல் மணி நேரத்திலேயே வந்துவிடும். 1988 நவம்பர் 3 மாலத்தீவைப் பாருங்கள். அப்துல்லா லுத்துபி என்ற மாலத்தீவுக்காரர், இலங்கைத் தமிழ் ஆயுதக் குழுவான புளொட்டின் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து மாலேயைப் பிடித்தார். ஜனாதிபதி கயூம் தப்பி ஒளிந்துகொண்டார். வந்தவர்கள் பக்கத்துத் தீவான ஹுல்ஹுலேயில் இருந்த விமான நிலையத்தைப் பிடிக்காமல் விட்டார்கள். அன்றிரவே ஆக்ராவிலிருந்து கிளம்பிய நம் பாராசூட் படையினர் ஐஎல் 76 விமானத்தில் அதே ஓடுபாதையில் சாதாரணமாக இறங்கினார்கள். கும்பல் 'புரோகிரஸ் லைட்' என்ற கப்பலில் பிணைக்கைதிகளோடு ஓடியது. ஐ.என்.எஸ். கோதாவரியும் ஐ.என்.எஸ். பேத்வாவும் துரத்திப் பிடித்தன. ஒரு நாட்டையே பிடிக்க வந்தவர்கள் விமான நிலையத்தை விட்டுவிட்டார்கள். உங்கள் வில்லனும் இப்படி ஒன்றை விடட்டும், ஆரம்பத்திலேயே விடட்டும், அது வாசகனுக்குத் தெரியட்டும். ஹீரோவுக்கு அது எப்போது தெரியவரும் என்று அவன் காத்திருப்பான்.

மனசுக்கு மிகவும் நெருக்கமான, சொல்லும்போதே கோபம் வருகிற ஒன்று பாக்கி இருக்கிறது. கதையின் ஓட்டை நிஜ வாழ்க்கைக்குள் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் கண் முன்னால் நடந்த உதாரணம் 1994 இஸ்ரோ உளவு வழக்கு. திருவனந்தபுரத்தில் மாலத்தீவுப் பெண்கள் இருவர் கைதானார்கள். அழகான வெளிநாட்டுப் பெண், ராக்கெட் விஞ்ஞானி, ரகசிய வரைபடம், வெளிநாட்டுக்கு விற்பனை என்று வாரக்கணக்கில் பத்திரிகைகள் எழுதின. பாக்கெட் நாவல் வாசிக்கிற எல்லோருக்கும் பழக்கமான கதை அது. நாகர்கோவிலில் பிறந்த இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் நவம்பர் 30 அன்று கைது செய்யப்பட்டார். விற்றதாகச் சொல்லப்பட்டது, மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் இயங்கும் கிரையோஜெனிக் ராக்கெட் இன்ஜினின் தொழில்நுட்பம்.

அந்த இன்ஜின் அன்றைக்கு இந்தியாவிடம் இல்லவே இல்லை! ரஷ்யாவிடமிருந்து அந்தத் தொழில்நுட்பத்தை வாங்கப் போட்ட ஒப்பந்தம் அமெரிக்காவின் நெருக்குதலால் 1993ல் உடைந்துபோயிருந்தது. நாமே செய்த கிரையோஜெனிக் இன்ஜினோடு ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து வெற்றிகரமாகப் பறந்தது 2014 ஜனவரி 5ல். கையில் இல்லாத பொருளை எப்படி விற்பது என்ற ஒரு கேள்வியை யாராவது உரக்கக் கேட்டிருந்தால் போதும். கதை அவ்வளவு சுவாரசியமாக இருந்ததால் கேட்க ஆள் இல்லை. 1996ல் சி.பி.ஐ. குற்றச்சாட்டில் உண்மை இல்லை என்றது. கேரள அரசு மறுபடி விசாரிக்க முயன்றதை 1998ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2018 செப்டம்பர் 14ல் அதே நீதிமன்றம், தேவையில்லாமல் கைது செய்து அவரைத் துன்புறுத்தினார்கள் என்று சொல்லி 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. இருபத்து நான்கு வருஷம்! மாலத்தீவுப் பெண்களும் மற்ற விஞ்ஞானிகளும் இழந்ததற்கு யார் கணக்கு வைப்பது?

அதனால்தான், தம்பி, உங்கள் நாவலில் அணைக்குள் இருந்து தகவல் கசியவிடும் ஆள் இரண்டு மொழியும் பேசுகிற எல்லைக்காரனாக இருப்பதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. இந்த வகை நாவல்களில் எல்லையில் வாழ்கிறவன் ஒன்று கடத்தல்காரன், இல்லை துரோகி. நம் ஊரை உங்களுக்குத் தெரியாதா? வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று ரோட்டுக்கு ஒரு சாவடி இருந்தாலும், தோட்டம் அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம் என்று இருப்பவர்கள் எத்தனை பேர்! வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம், கல்யாணம் பொள்ளாச்சியில், ஆஸ்பத்திரி கோவையில். ரேஷன் அரிசி கடத்தல் நடக்கத்தான் செய்கிறது, மறைக்க வேண்டாம். ஆனால் அதைச் செய்கிறவனுக்கும் அணையைப் பிடிக்க வருகிறவனுக்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது. கதையில் வருகிற துரோகிக்குக் காரணம் வேண்டும். கடனா, மிரட்டலா, வேலையில் பட்ட அவமானமா? இரண்டு மொழி பேசுகிறான் என்பது காரணமாகாது. உண்மையில் அந்த இரவில் இரு மாநிலத்துக்கும் நடுவில் பேசக்கூடிய ஒரே ஆள் அவன்தான். அவனைக் கதையின் நடுவில் கொண்டுவந்து வைத்தால் நாவலே மாறிவிடும்.

ஹீரோ தனியாள் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். 1999 மே 3ல் கார்கிலில் ஊடுருவியவர்களை முதலில் பார்த்துச் சொன்னது செயற்கைக்கோள் இல்லை, உளவுத்துறை இல்லை. காணாமல் போன யாக் மாட்டைத் தேடி மலையேறிய தாஷி நம்கியால் என்ற மேய்ப்பர். அப்புறம் அமைந்த கார்கில் ஆய்வுக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம். அந்தக் குழு கண்ட பெரிய குறைகளில் ஒன்று, உளவு அமைப்புகள் தங்களுக்குள் தகவலைச் சரியாகப் பகிர்ந்துகொள்ளவில்லை என்பது. 2021 டிசம்பர் 8ல் சூலூரிலிருந்து கிளம்பிய ஜெனரல் பிபின் ராவத்தின் ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்தபோதும் முதலில் ஓடிப்போனவர்கள் நஞ்சப்பசத்திரம் மக்கள், வீட்டுக் கம்பளிகளை எடுத்துக்கொண்டு. அன்று மாலையே சதி, வெளிநாட்டுக் கை என்று வாட்ஸ்அப்பில் நாவல்கள் எழுதிவிட்டார்கள். விசாரணையில் தெரியவந்தது, திடீரென்று மாறிய வானிலையில் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் போய்விட்டது என்பது. மலை மூட்டம் என்றால் என்ன என்று நெல்லியாம்பதி அடிவாரத்தில் இருக்கிற நமக்குத் தெரியும். உங்கள் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஜூலை மாதம் நடு இரவில் மூன்று ஹெலிகாப்டர்கள் ஆனைமலைக்கு மேல் பறந்து வருகின்றன. ஒன்று மாதத்தை மாற்றுங்கள், இல்லை ஹெலிகாப்டர் வர முடியாது என்பதையே கதையாக்குங்கள். நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

நாவல்களிலிருந்தும் இரண்டு சொல்கிறேன், நல்ல விதமாகவே. 1971ல் வந்த 'தி டே ஆஃப் தி ஜாக்கல்' பிரெஞ்சு ஜனாதிபதி டி கோலைக் கொல்ல வருகிறவனின் கதை. டி கோல் 1970ல் வீட்டில் இயற்கையாக இறந்தார் என்பது வாங்குகிற எல்லோருக்கும் தெரியும். கொலை நடக்காது என்று தெரிந்தே மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்கிறோம். காரணம், பாஸ்போர்ட் எப்படி எடுத்தான், துப்பாக்கியை எப்படிச் செய்யச் சொன்னான், துப்பறிகிறவர் எந்த ரிஜிஸ்டரைப் புரட்டினார் என்று வேலை வேலையாகக் காட்டுவதுதான். அந்த நாவலின் ஆரம்பப் பக்கங்களில் வருவது 1962 ஆகஸ்ட் 22ல் பெட்டி கிளமார்ட்டில் டி கோல் கார் மீது நிஜமாக நடந்த தாக்குதல். அலுவலகத்தைச் சரியாக எழுதினால் முடிவு தெரிந்திருந்தாலும் பரவாயில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

மற்றது 1984ல் வந்த 'தி ஹன்ட் ஃபார் ரெட் அக்டோபர்'. அதற்கு விதையாக இருந்தது 1975 நவம்பரில் 'ஸ்டொரொஷவோய்' என்ற சோவியத் போர்க்கப்பலில் நடந்த கலகம். நாவலில் கேப்டன் அமெரிக்காவுக்கு ஓடுகிறார். நிஜத்தில் கப்பலைக் கைப்பற்றிய அரசியல் அதிகாரி வலேரி சப்லினுக்கு ஓடிப்போகும் எண்ணம் இல்லை. லெனின்கிராடுக்குப் போய், புரட்சி திசை மாறிவிட்டது என்று மக்களுக்கு வானொலியில் சொல்ல நினைத்தவர். வெளிப்படையாக அனுப்பச் சொன்ன அவருடைய செய்தியை ஆபரேட்டர் சங்கேதத்தில் அனுப்பியதால் அது கடற்படைக்குள்ளேயே நின்றுவிட்டது. மக்கள் யாரும் கேட்கவில்லை. 1976ல் அவருக்கு மரண தண்டனை நிறைவேறியது. நாவல் பிரமாதமாக விற்றது, தொழில்நுட்பமும் பிரமாதம்தான். இருந்தாலும் அந்த ஆபரேட்டரை விட்டுவிட்டு நீர்மூழ்கிக் கப்பலைப் பிடித்துக்கொண்டது எனக்கு இன்னும் ஒரு குறையாகவே படுகிறது.

மற்றபடி ஆயுத விவரப் பட்டியல், ஒரு பக்கத்துக்கு நீளும் சுருக்கப் பெயர்கள், எல்லா அதிகாரியும் ஒரே மாதிரி பேசுவது, பெண்கள் சாவதற்கும் காதலிப்பதற்கும் மட்டும் வருவது. இவையெல்லாம் ஒருமுறை திருத்தி எழுதும்போதே போய்விடும், இதற்கெல்லாம் தூக்கம் கெட வேண்டாம்.

உங்களுக்கு ஒரு யோசனை. பாராசூட் காட்சியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, பொள்ளாச்சி, ஆழியாறு பக்கம் ஓய்வு பெற்ற லஸ்கர் (அணை, கால்வாய்களைக் கவனித்துக்கொள்ளும் ஊழியர்) யாரையாவது தேடிப் பிடியுங்கள். இரவுப் பணியில் யார் யார் இருப்பார்கள், அளவு எத்தனை மணிக்கு எடுப்பார்கள், எந்தப் புத்தகத்தில் எழுதுவார்கள், மழை நாளில் போன் போய்விட்டால் யார் எங்கே நடந்து போவார்கள் என்று கேளுங்கள். பாலக்காட்டில் கலெக்டர் ஆபீஸ் கன்ட்ரோல் ரூமில் வேலை பார்த்தவர் ஒருவரிடமும், சாலக்குடி ஆற்றோரம் வெள்ளத்தில் வீடு மாறியவர் ஒருவரிடமும் பேசுங்கள். பாதுகாப்பு ஏற்பாடுகளின் நுணுக்கம் எதையும் கேட்கவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம். கதைக்கு அது தேவையே இல்லை. அப்புறம் ஒரு தாளில் நெடுக்காக நான்கு பத்தி போட்டு, அணை, பொள்ளாச்சி, பாலக்காடு, திருச்சூர் என்று தலைப்பு எழுதி, இரவு இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை ஒவ்வொரு இடத்திலும் எத்தனை மணிக்கு யாருக்கு என்ன தெரிந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்த இரண்டு பத்திகளுக்கு நடுவில் இடைவெளி அதிகமோ, அந்த இடத்திலிருந்து முதல் அத்தியாயத்தைத் தொடங்குங்கள். எழுதி முடித்ததும் அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.